விளம்பரத்தை நம்பி வாங்கியவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ வந்த விளம்பரத்தை நம்பி வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் வாங்கியவர் என்ன செய்ய முடியும். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளுமா. அதில் தோன்றிப் பரிந்துரைத்த நடிகருக்கோ யூடியூபருக்கோ பொறுப்பு உண்டா என்பவை கேள்விகள். நடுவில் உள்ள கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பலர் புகார் கொடுக்காமலே பின்வாங்குவது அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துத்தான். பெரிய எழுத்தில் கொடுத்த வாக்கைச் சிறிய எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ள இந்தியச் சட்டம் எந்த நிறுவனத்துக்கும் இடம் தரவில்லை. விளம்பரம் என்பது விற்பனைக்கு முன் கொடுக்கப்படும் வாக்குறுதி என்றும், அதை நிரூபிக்கும் கடமை வாக்குக் கொடுத்தவருடையது என்றும் சட்டம் கருதுகிறது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டவர் புகார் எழுதும்போது அவர் கை ஓங்கியே இருக்கும்.

இப்போது நடைமுறையில் உள்ளது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் பெரும்பாலான பிரிவுகள் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தன. இதற்கு முன்னிருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதற்கும் முன்னர் 1984-இல் திருத்தப்பட்ட ஏகபோக வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் பொய் விளம்பரம் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டிருந்ததே தவிர, அதற்கு அபராதம் விதிப்பதற்கென்று தனி அமைப்பு இருக்கவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் யாராவது புகார் கொடுத்தால்தான் விளம்பரம் விசாரிக்கப்பட்டது. புதிய சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்ற அமைப்பை உருவாக்கி, யாரும் புகார் தராவிட்டாலும் தானாகவே விசாரிக்கவும், விளம்பரத்தை நிறுத்தவும், அபராதம் விதிக்கவும் அதற்கு அதிகாரம் கொடுத்தது.

தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்பதைச் சட்டத்தின் 2(28) பிரிவு வரையறுக்கிறது. பொருளைப் பொய்யாக வர்ணிப்பது. பொய்யான உத்தரவாதம் தருவது, அல்லது பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றி நுகர்வோர் தவறாக எண்ணும்படி செய்வது. நேரடியாகவோ குறிப்பாகவோ நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதத்தக்க ஒன்றைச் சொல்வது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகிய நான்கும் இதில் அடங்கும். கடைசியில் உள்ளதைப் பலர் கவனிப்பதில்லை. விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் விட்ட ஒன்றினால் அது குற்றமாகிவிடும்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கு 2(47) பிரிவைப் பார்க்க வேண்டும். ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ முறையான சோதனை இல்லாமல் பொதுமக்களுக்கு உத்தரவாதம் தருவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அது சொல்கிறது; ‘சோதனை செய்துதான் சொன்னோம்’ என்று நிறுவனம் எதிர்வாதம் வைத்தால், அதை நிரூபிக்கும் சுமை அப்படிச் சொல்பவரையே சேரும் என்றும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. ‘ஏழு நாளில் முடி உதிர்வது நிற்கும்’ என்ற வாசகத்தை நம்பி எண்ணெய் வாங்கியவர் அந்த எண்ணெயைத் தன் செலவில் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் புகாரைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. ‘இந்த ஏழு நாள் எந்தச் சோதனையில் கிடைத்தது, எத்தனை பேரிடம் நடத்தப்பட்டது, யார் நடத்தினார்கள்’ என்று எழுத்தில் கேட்பதே சரியான தொடக்கம். பதில் வராமல் போனால் அந்த மௌனமும் பின்னர் உங்களுக்குப் பயன்படும்.

இனிப் பொடி எழுத்து. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு விதிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்டது. பொறுப்புத் துறப்பு வாசகம், அதாவது அந்தப் பொடி எழுத்து வரி, விளம்பரத்தில் சொன்னதை விளக்கலாம், விரிக்கலாம். ஆனால் அதற்கு முரணாகப் பேசக் கூடாது, முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது, தவறான கூற்றைத் திருத்தும் ஒட்டாகவும் அமையக் கூடாது என்று அவை சொல்கின்றன. சாதாரணப் பார்வையுள்ள ஒருவர் நியாயமான தூரத்திலிருந்து, நியாயமான வேகத்தில், ஒரே முறை படித்தாலே புரியும்படி அது இருக்க வேண்டும். கூற்று எந்த எழுத்துருவில் உள்ளதோ அதே எழுத்துருவில் துறப்பும் இருக்க வேண்டும். கூற்று குரலாக ஒலித்தால், துறப்பும் அந்தக் குரலோடு இணைந்து அதே வேகத்தில் காட்டப்பட வேண்டும். இவற்றையெல்லாம்விடத் தமிழ் வாசகர்களுக்கு முக்கியமானது, கூற்று எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அதே மொழியில்தான் துறப்பும் இருக்க வேண்டும் என்ற விதி. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் முப்பது விநாடியும் தமிழில் பேசிவிட்டு, திரையின் அடியில் இரண்டு விநாடி ஆங்கிலத்தில் ஓடி மறையும் வரியை எத்தனை முறை பார்த்திருப்போம்! தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு அந்த வரி இருந்தும் இல்லாததுதான். அது வெறும் அசௌகரியம் அல்ல, விதிமீறல்; இந்த ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டியும் புகார் கொடுக்கலாம். இதுவரை அப்படிப் புகார் எழுதுபவர்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

துறப்பு வாசகம் எவ்வளவு பயனற்றது என்பதற்கு அண்மையில் நடந்த இரண்டு நிகழ்வுகள் சான்று. முதலாவது, பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகள் இடம்பெற்ற கதை. வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் இழந்த குழந்தைக்குக் கொடுக்கப்படும், ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளத் தேவையான விகிதம் இது. சர்க்கரை கூடினால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, வயிற்றுப்போக்கு மேலும் கடுமையாகும். இந்த அளவுக்குப் பொருந்தாத, சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் அதே எழுத்துகளைப் பெயரின் ஒரு பகுதியாகத் தாங்கி, மருந்துக்கடைகளில் உண்மையான கரைசல் பொட்டலங்களுக்குப் பக்கத்திலேயே விற்கப்பட்டன. 2022-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் இதை முழுமையாகத் தடுக்காமல், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல’ என்ற துறப்பு வாசகத்தோடு விற்றுக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடும் தாயோ தந்தையோ பெயரைப் பார்ப்பார்களே தவிர, பெட்டியைத் திருப்பி அந்த வரியைத் தேடமாட்டார்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் முறையிட்டதன் பின்னர், 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெயரே தவறான எண்ணத்தை உண்டாக்கும்போது எந்தத் துறப்பும் அதைச் சரிசெய்யாது என்பதை ஒழுங்குமுறை அமைப்பே ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.

இரண்டாவது, ராபிடோ நிறுவனத்தின் விளம்பரம். ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வரும், இல்லையென்றால் 50 ரூபாய் கிடைக்கும் என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்தது. விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், அது 50 ரூபாய் அல்ல, ‘50 ரூபாய் வரை’. அதுவும் பணமாக அல்ல, செயலிக்குள் சேரும் நாணயங்களாக. அந்த நாணயங்களை ஏழு நாட்களுக்குள், பைக் பயணத்துக்கு மட்டுமே செலவிட முடியும். உத்தரவாதத்தைத் தருவதும் நிறுவனம் அல்ல, தனித்தனி ஓட்டுநர்களே என்று நிபந்தனைகளில் எழுதப்பட்டிருந்தது. 120-க்கும் மேற்பட்ட நகரங்களில், பல மொழிகளில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இந்த விளம்பரம் ஓடியிருந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததோடு, சலுகையை நாடியும் 50 ரூபாய் கிடைக்காதவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தர உத்தரவிட்டது. ஒருவருக்கு 50 ரூபாய்தானே என்று யாரும் தனியாக வழக்குப் போடமாட்டார்கள். அதனால்தான் தானாக முன்வந்து விசாரிக்கும் அமைப்பு தேவைப்படுகிறது.

எல்லா மிகையும் குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஊரே மணக்கும் காபி’ என்பதை எந்த நீதிமன்றமும் அளந்து பார்க்காது. கேட்பவரும் அதை அளவாக எடுத்துக்கொள்வதில்லை. அளக்கக்கூடியதும் சரிபார்க்கக்கூடியதும் எங்கே வருகிறதோ அங்கேதான் சட்டம் நுழைகிறது. எண், காலவரம்பு, நோய்ப் பெயர், ‘முதலிடம்’, ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’, அரசு அங்கீகாரம் போன்ற சொற்களைக் கண்டால் ஆதாரம் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. சென்சோடைன் பற்பசை விளம்பரங்களில் இதுதான் நடந்தது. உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது, பற்கூச்சத்துக்கு உலகின் முதலிடப் பற்பசை என்றெல்லாம் சொல்லப்பட்டது; ஆதாரம் கேட்டபோது காட்டப்பட்ட ஆய்வுகளோ இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் எடுக்கப்பட்டவை. வெளிநாட்டுப் பல் மருத்துவர்களைக் காட்டிய விளம்பரங்களை 2022 பிப்ரவரியில் நிறுத்தச் சொன்ன மத்திய ஆணையம், மார்ச்சில் இந்தக் கூற்றுகளையும் நிறுத்தச் சொல்லி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய மருத்துவர்கள் தம் தொழில்நெறியின்படி விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைக்க முடியாது. அந்தத் தடையை வெளிநாட்டு முகங்களைக் கொண்டு சுற்றிக்கடப்பதை ஆணையம் ஏற்கவில்லை.

உணவுப் பொட்டலங்களில் உள்ள சொற்களுக்கும் இப்படி அளவு உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 2024-இல் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்கும்படியும், மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் இணையக் கடைகள் வைக்கக் கூடாது என்றும் உத்தரவுகள் வந்தன. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. ஒரு தலைமுறைத் தாய்மார் பிள்ளைகளின் பாலில் தினமும் கரைத்துக் கொடுத்தது எந்த நம்பிக்கையில் என்பதை நினைத்தால், இந்த உத்தரவு வரத் தாமதமானது எளிதில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

மருந்து விளம்பரங்கள்தான் எனக்கு மிகுந்த கவலை தருபவை. இங்கே இழப்பது பணம் மட்டுமல்ல. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954-இலேயே வந்துவிட்டது. நீரிழிவு, புற்றுநோய், இதய நோய், பக்கவாதம், சிறுநீரகக் கல், உயர் அல்லது தாழ் இரத்த அழுத்தம், உடல் பருமன், உயரக் குறைவு உள்ளிட்டவை அதன் அட்டவணையில் உள்ளன. இவற்றைக் குணப்படுத்துவதாக, தடுப்பதாக, கண்டறிவதாகச் சொல்லி எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. அலோபதிக்கும் சித்தாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் இது ஒன்றேதான். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் ‘மாய சிகிச்சை’ என்ற பெயரில் அதற்குள் வருகின்றன. ஆகவே ‘சர்க்கரை நோயை வேரோடு அகற்றும் மூலிகைச் சூரணம்’ என்று உள்ளூர் தொலைக்காட்சியில் அரைமணி நேரம் பேட்டி போல ஓடும் விளம்பரத்தில், அந்தச் சூரணம் வேலை செய்கிறதா என்ற விவாதத்துக்கே போக வேண்டியதில்லை. அப்படி விளம்பரம் செய்ததே சட்டமீறல். இச்சட்டம் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஹம்தர்த் தவாகானா என்ற யுனானி மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-இல் சில பகுதிகளை நீக்கினாலும், தடையின் அடிப்படையை ஏற்றுக்கொண்டது. வணிக விளம்பரமும் பேச்சுரிமைக்குள் வரும் என்று 1995-இல் டாடா பிரஸ் வழக்கில் தீர்ப்பளித்தபோதும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் இருந்தும் அது ஏன் பயன்படவில்லை என்பதை இந்திய மருத்துவச் சங்கம் 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற வழக்கு காட்டியது. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களைப் பற்றித் தொடங்கிய அந்த வழக்கில், 2023 நவம்பரில் நீதிமன்றத்தில் உறுதி கொடுத்த பின்னரும் விளம்பரங்கள் தொடர்ந்ததால் 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நடவடிக்கை எழுந்தது. ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டதாக நிறுவனம் சொன்னபோது, உங்கள் வழக்கமான விளம்பரங்களின் அளவில் இந்த மன்னிப்பு இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதன் பிறகே பெரிய அளவில் மறுபடி வெளியிடப்பட்டது. மன்னிப்பு ஏற்கப்பட்டு 2024 ஆகஸ்டில் அவமதிப்பு நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. வழக்கு ஒரு நிறுவனத்தோடு நிற்காமல், மாநில அரசுகள் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏன் செயல்படுத்தவில்லை என்ற இடத்துக்கு விரிந்தது. பொதுமக்கள் இச்சட்டத்தின் கீழ் புகார் தருவதற்கான ஏற்பாட்டை இரண்டு மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதலாம்; எழுத வேண்டும்.

தகவலை மறைப்பதும் ஏமாற்று என்று மேலே சொன்னேன். குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்கள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முடிவுகள் வந்த மறுநாள், வென்றவர்களின் படங்களோடு முழுப்பக்க விளம்பரங்கள் வரும்; ஒரே மாணவரின் படம் பல மையங்களின் விளம்பரங்களில் இருக்கும். மத்திய ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் பலர் முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தாமாகவே எழுதித் தேறி, கடைசியில் நேர்காணல் பயிற்சிக்கு மட்டும் அந்த மையங்களுக்குச் சென்றவர்கள் என்று தெரிந்தது. படமும் உண்மை, பெயரும் உண்மை, அவர் அங்கே சென்றதும் உண்மை. எந்தப் பயிற்சிக்குச் சென்றார் என்பது மட்டும் மறைக்கப்பட்டது. அந்த மறைப்பை நம்பித்தான் கிராமத்துப் பெற்றோர் கடன் வாங்கி முழுப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டினார்கள். இதற்காகப் பல மையங்கள் அபராதம் கட்டின. 2024 நவம்பரில் வந்த தனி வழிகாட்டு விதிகளின்படி, வென்றவரின் படத்தோடு அவர் பெற்ற தரவரிசை, சேர்ந்த பயிற்சி, அதன் காலம், கட்டணம் செலுத்தினாரா என்பவற்றையும் சொல்ல வேண்டும். தேர்ச்சிக்குப் பின்னர் அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலும் பெற வேண்டும். விதிகள் குடிமைப் பணித் தேர்வுகளோடு நிற்காமல் மற்றக் கல்விப் பயிற்சி மையங்களுக்கும் உரியவை. ஆகவே நீட் பயிற்சி மையங்களிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

மனை விளம்பரங்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது. ‘சென்னைக்கு மிக அருகில்’ என்ற சொற்றொடரைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம்; ஆனால் ஆயுள் சேமிப்பை அதில் போட்டவர்களுக்கு அது சிரிப்பல்ல. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடு அமையும் திட்டத்தை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் குழுமத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். துண்டறிக்கை, சுற்றறிக்கை எல்லாமே அச்சட்டத்தின்படி விளம்பரம்தான். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்தவர், இழப்பீடு கேட்கலாம். திட்டத்திலிருந்து விலகி, செலுத்திய முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பக் கேட்கவும் 12-ஆவது பிரிவு உரிமை தருகிறது. நீச்சல்குளமும் பூங்காவும் வரைந்த அந்த வண்ணத் துண்டறிக்கையைப் பத்திரப் பதிவு முடிந்ததும் தூக்கிப் போடாமல், பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

நடிகர், யூடியூபர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, பொய்யான விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கு விதிக்கக்கூடிய அதே அபராதத்தை, அதாவது 10 லட்சம் ரூபாய் வரை, பரிந்துரைத்தவருக்கும் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அதோடு அவர் எந்தப் பொருளையும் பரிந்துரைக்க முதல்முறை ஓராண்டு வரையிலும், மீண்டும் தவறினால் மூன்றாண்டு வரையிலும் தடை விதிக்கலாம். தான் பரிந்துரைக்கும் கூற்று உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்ததைக் காட்டினால் மட்டும் அவர் விடுபடுவார். ‘எழுதிக் கொடுத்ததைப் பேசினேன்’ என்பது சரிபார்ப்பு ஆகாது. சமூக ஊடகத்தில் பொருளைப் பேசுபவர் பணமோ இலவசப் பொருளோ பயணச் செலவோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் வெளியான விதிகள் கூறுகின்றன. காணொளியின் கீழே விளக்கப் பகுதியில் ஒரு மூலையில் போட்டால் போதாது, காணொளிக்குள்ளேயே வர வேண்டும். பரிந்துரை தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். சொந்த அனுபவம் போலப் பேசப்படும் விளம்பரத்தை நம் பிள்ளைகளால் பிரித்தறிய முடியாது என்பதால், இந்த விதி மீறப்படுவதை நான் மிகக் கடுமையான தவறாகக் கருதுகிறேன்.

இனிப் புகார் கொடுக்கும் முறை. முதலில் செய்ய வேண்டியது விளம்பரத்தையே ஆதாரமாகப் பிடித்து வைப்பது. புகார் எழுந்ததும் முதலில் மறைவது விளம்பரம்தான். நாளிதழ் என்றால் தேதி தெரியும்படி முழுப் பக்கத்தையும், தொலைக்காட்சி என்றால் அலைவரிசை, தேதி, நேரத்தோடு பதிவையும், கைப்பேசி என்றால் இணைய முகவரியும் தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் அரசியல் சாராத விளம்பரங்கள் இந்தியாவில் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அங்கே தெரியும் என்பதால் தாமதிக்கக் கூடாது. ரசீது கட்டாயம் வேண்டும். ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. பொட்டலத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டும், ஏனென்றால் வழிகள் பிரிகின்றன. விளம்பரம் நிற்க வேண்டும், நிறுவனம் தண்டிக்கப்பட வேண்டும் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுத வேண்டும்; அந்தப் புகாரை உங்கள் மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று 17-ஆவது பிரிவு சொல்வதால் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இப்பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பணமும் இழப்பீடும் வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர வேண்டும். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தவறான எண்ணத்தைப் போக்கும் திருத்த விளம்பரத்தை நிறுவனம் தன் செலவில் வெளியிட வேண்டும் என்று கேட்கவும் மறக்காதீர்கள். அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு, ஆனால் கேட்பவர்கள் அரிது. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். சிறு தொகைகள் பலவும் அங்கேயே பேசித் தீர்வதுண்டு. விளம்பரத் துறையினரே 1985-இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரநிலைக் குழுமத்துக்கும் புகார் அனுப்பலாம்; அதனால் அபராதம் விதிக்க முடியாது என்றாலும், விளம்பரத்தை விரைவாகத் திருத்தவோ விலக்கவோ வைப்பதில் அது பயனுள்ளது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு, நாடு முழுவதும் விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், எவ்வளவு காலம் ஓடியது, எளிதில் ஏமாறக்கூடியவர்களைக் குறிவைத்ததா, அதனால் எவ்வளவு வருவாய் வந்தது என்பவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு அபராதம் விதிக்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவே சொல்கிறது. சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வரம்பைப் போட்டு மூடிவிடுகிறது. விற்றுமுதலின் ஒரு பங்காக அபராதம் அமையாத வரை, பிடிபட்டால் கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு மாறாது. சிறைத் தண்டனைக்கு 89-ஆவது பிரிவில் இடமிருந்தாலும், மத்திய ஆணையமோ அதன் அதிகாரியோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும். நுகர்வோர் நேரடியாகப் போக முடியாது.

காலதாமதம் இன்னொரு குறை. டெல்லியில் ஒருவர் ஆண்களுக்கான சிவப்பழகு கிரீமை 2013-இல் 79 ரூபாய்க்கு வாங்கிப் பூசி, நிறம் மாறவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார். சத்தான உணவு, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்தால்தான் பலன் தெரியும் என்று நிறுவனம் வாதாடியது. அவையெல்லாம் பொட்டலத்தில் எழுதப்படவில்லையே என்று நுகர்வோர் மன்றம் கேட்டு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று முடிவுசெய்து, 2024 டிசம்பரில் 14.5 லட்சம் ரூபாயை நுகர்வோர் நல நிதிக்குச் செலுத்த உத்தரவிட்டது. நடுவில் மேல்முறையீட்டில் ஒருமுறை வழக்கு திருப்பி அனுப்பப்பட்டதும் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று மாதங்களில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் விரும்புகிறது. ஆணையங்களில் உறுப்பினர் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவது அரசுகளின் பொறுப்பு, அதைக் கேட்டு வலியுறுத்துவது நுகர்வோர் அமைப்புகளின் பொறுப்பு.

உங்கள் தரப்பில் உள்ள காலக்கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தேன் என்பது மட்டும் எல்லா நேரத்திலும் போதிய காரணமாக ஏற்கப்படாது. ஆகவே நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, கூற்றுக்கான சோதனை ஆதாரத்தை இத்தனை நாட்களுக்குள் தர வேண்டும் என்று ஒரு தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்தத் தேதி கடந்ததும் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.